நாளைய மாற்றமும் நமது காட்சிச்சாலையும்

(திண்டுக்கல் சமவெளிப் பகுதியின் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காட்சிச்சாலையைப் பற்றிச் சில சொற்கள் கூற வந்திருக்கிறோம். குடிநீர்க் குழாயும் சாலை விளக்கும் கண்மாய்க் கரையும் பேசப்பட வேண்டிய கூட்டத்தில் காட்சிச்சாலைக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. சென்னையில் 1851-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசாங்கக் காட்சிச்சாலையை அந்நகரத்துப் பொதுமக்கள் நெடுங்காலம் 'செத்த காலேஜ்' என்றே அழைத்து வந்தனர். உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த இடம் அவர்களுக்கு 'உயிர் காலேஜ்'. செத்துப்போனவை கிடக்கும் இடம் என்ற கருத்து அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது.

அக்கருத்து தவறானது என்பதை எடுத்துக்காட்டுவதற்கு நாம் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. நமது மாவட்டத்திலேயே, பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில், பொருந்தல் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அவர்கள் அகழாய்வு நடத்தினார். பழங்கால ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களை உடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள்ளே பொன்னில்லை, மணியில்லை. ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்நெல்லிற் சிறிதளவை அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அனுப்பிச் சோதித்ததில், அது கி.மு. 490-ஐ ஒட்டிய காலத்தது என்று தெரியவந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலையடிவாரத்தில் நெல் புழங்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இச்செய்தியில் உழவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கரிமத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையை லிப்பி என்ற அறிஞர் கண்டறிந்து வெளியிட்டது 1949-ஆம் ஆண்டில்தான். ஓரிரு தானிய மணிகளை மட்டும் கொண்டே அதனைச் செய்யக்கூடிய நுண்முறை அதற்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. அதே குழியை 1900-ஆம் ஆண்டில் ஒருவர் தோண்டியிருந்தால் என்ன செய்திருப்பார்? சாடியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த நெல்லைக் குப்பையென்று கொட்டியிருத்தல் கூடும். அல்லது சாடியை நன்றாகக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, அலமாரியில் வைத்திருத்தல் கூடும். இரண்டில் எதனைச் செய்திருந்தாலும் கி.மு. 490 என்ற அந்தக் கணக்கு இன்று நமக்குக் கிடைத்திராது.

ஆகவே காட்சிச்சாலையின் முதற்கடமை, இன்று நமக்குத் தெரிந்த கேள்விகளுக்கு விடை சொல்வது மட்டுமன்று. நாளை பிறக்கப்போகும் கேள்விகளுக்கும் இடம் வைத்துப் பொருளைக் காத்தல் வேண்டும். விதைநெல்லை எடுத்து வைப்பவனுக்கு இது புதிய பாடமல்ல. அடுத்த ஆண்டு மழை எப்படிப் பெய்யும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதனாலேயே அவன் எடுத்து வைக்கிறான்.

இனி, காட்சிச்சாலைகளைப் பிடிக்கும் கேடுகளைப் பார்ப்போம். அவை இருவகை. ஒன்று மெல்ல அரிப்பது; மற்றொன்று ஓர் இரவில் விழுங்கிவிடுவது.

மெல்ல அரிக்கும் கேட்டிற்குச் சென்னைக் காட்சிச்சாலையே நல்ல சான்று. அங்குள்ள செப்புத் திருமேனிகள் உலகப் புகழ் பெற்றவை. மண்ணிற் புதைந்து கிடந்த காலத்தில் அவற்றுள் உப்பு ஏறியிருந்தது. கடற்கரை நகரின் ஈரக்காற்று பட்டதும் அவ்வுப்பு மீண்டும் வேலை செய்யத் தொடங்கிற்று. வெளிர்பச்சை நிறப் பொடி பூத்து, உலோகத்தை உள்ளிருந்தே தின்னலாயிற்று. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று அதிகாரிகள் இருந்திருந்தால் பல திருமேனிகள் இன்று உருத்தெரியாமற் போயிருக்கும். அவ்வாறு இராமல், 1930-ஆம் ஆண்டிலேயே அங்கு ஓர் இரசாயனப் பாதுகாப்புக் கூடத்தை நிறுவி, பரமசிவன் என்ற தமிழ்நாட்டு இரசாயன அறிஞரை அப்பணியில் அமர்த்தினர். நோய் முற்றிய பின் வைத்தியரைத் தேடாமல், வைத்தியரை வீட்டிலேயே வைத்துக்கொண்டது போன்ற செயல் அது. இந்தியாவில் இத்துறையின் முன்னோடிக் கூடங்களுள் அது ஒன்றாக விளங்கிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கும் பொருட்டுப் பழைய காட்சிச்சாலைகளில் பறவைத் தோலுக்கும் விலங்குத் தோலுக்கும் பாஷாணம் பூசினர், பிற்காலத்தில் டி.டி.டி. தெளித்தனர். அன்று அதுவே சிறந்த முறை. இன்றோ அப்பொருள்களைத் தொடுவோர் கையுறை அணிய வேண்டியிருக்கிறது. எதை, எப்பொழுது பூசினோம் என்று எழுதி வைத்த இடங்களில் தொல்லை குறைவு. எழுதி வைக்காத இடங்களில் ஒவ்வொரு பெட்டியையும் ஐயத்துடனேயே திறக்க வேண்டியிருக்கிறது. வயலில் நேற்றுத் தெளித்த மருந்தை இன்று விஷமென்று அறிந்து தடை செய்யும் காலத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஓர் இரவில் விழுங்கும் கேடு தீயும் வெள்ளமுமாகும். பிரேசில் நாட்டின் தேசியக் காட்சிச்சாலை 1818-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன் இருநூறாம் ஆண்டில், 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவில், அது எரிந்தது. அங்கிருந்த பொருள்கள் ஏறத்தாழ இரண்டு கோடி. அவற்றுட் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தீயணைப்போர் வந்து சேர்ந்தபோது அருகிலிருந்த நீர்க்குழாய்களில் நீர் வரவில்லை. வேறிடத்திலிருந்து வண்டிகளிற் கொண்டுவர வேண்டியிருந்தது. இருநூறு ஆண்டுச் செல்வத்திற்கும் அழிவிற்கும் இடையே நின்றது ஒரு குழாய்த் தண்ணீர்! நம் நாட்டிலும் 2016 ஏப்ரல் 26-ஆம் தேதி புதுதில்லியின் தேசிய இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலை தீக்கிரையாயிற்று.

பிரேசிலில் அதன் பின் நிகழ்ந்த ஒன்று மனத்தில் பதிக்கத்தக்கது. அங்குள்ள மாணவர் சிலர், அக்காட்சிச்சாலைக்கு முன்பு சென்றுவந்த எவரேனும் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புமாறு உலக மக்களை வேண்டினர். எங்கெங்கிருந்தோ படங்கள் வந்து குவிந்தன. பொருள் போன பிறகு படத்தையாவது தேடிச் சேர்த்தனர். அதனை முன்னரே ஒழுங்காகச் செய்து, வேறோரிடத்தில் வைத்திருத்தலே அறிவுடைமையாகும்.

படம் எடுத்து வைத்தலின் பயன் எவ்வளவு என்பதற்கு நம் தமிழ்நாட்டுக் கதையையே கேளுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் என்ற ஊரின் கோயிலிலிருந்து நடராசர் திருமேனி களவு போயிற்று. அது கடல் கடந்து, கை மாறி, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திற்குச் சென்று சேர்ந்தது. எங்கள் ஊர்ச் சாமி என்று ஊரார் சொன்னால் மட்டும் போதுமா? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல்லாண்டுகளாகத் தமிழகக் கோயில்தோறும் சென்று படமெடுத்து வந்தவர்கள். அத்திருமேனி கோயிலில் இருந்தபோது அவர்கள் எடுத்து வைத்திருந்த படமே சான்றாக நின்றது. 2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பிரதமர் அத்திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தார். படமெடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்து எடுக்கவில்லை, ஆராய்ச்சிக்காக எடுத்தார்கள். எனினும் ஒழுங்காக எடுத்து, ஊர்ப்பெயர் எழுதி, தேதியிட்டு வைத்திருந்தமையால் அது நீதிக்குப் பயன்பட்டது. நம் ஊர்க் கோயில்களிலும் மந்தையிலும் கண்மாய்க் கரையிலும் உள்ள சிலைகளுக்கும் நடுகற்களுக்கும் அத்தகைய படம் இருக்கிறதா என்று ஒவ்வோர் ஊராட்சியும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அண்டை மாவட்டமான தேனியில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ் எழுத்து நடுகற்கள் இந்தியாவின் மிகத் தொன்மையான எழுத்துடை நடுகற்களாக மதிக்கப்படுகின்றன. அதுவரை அவை ஊராருக்கு வெறுங்கற்களே.

இதுவரை கூறியவை பெரிய காட்சிச்சாலைகளின் செய்திகள். இனி நம் சமவெளிக்கு வருவோம்.

திண்டுக்கல் என்றவுடன் உலகத்தார் நினைவிற்கு வருவது பூட்டு. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, தவறான சாவியை நுழைத்தால் அதனைப் பிடித்துக்கொண்டு விடாத பூட்டு என்று எத்தனையோ வகைகள் நாகல்நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கையாலேயே செய்யப்பட்டன. இன்று இயந்திரப் பூட்டின் போட்டியினாலும், கூலி கட்டாமையாலும், இளைஞர் வேறு வேலை நாடுவதாலும் பட்டறைகள் குறைந்து வருகின்றன. இத்தொழில் மீள வேண்டும் என்பதே நம் விருப்பம். எனினும் மீளாவிட்டால் என்ன செய்வது என்றும் எண்ணிப் பார்ப்பது விருப்பத்திற்கு மாறானதன்று.

கண்ணாடிப் பேழையில் பத்துப் பூட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, 'திண்டுக்கல் பூட்டு' என்று பலகை எழுதி வைப்பது எளிது. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் இளைஞன் வந்து, இதைப்போல் ஒன்று செய்ய வேண்டும் என்று கேட்டால் அப்பேழை அவனுக்கு என்ன விடை கூறும்? பூட்டின் உயிர் அதன் உள்ளே இருக்கும் நெம்புத் தகடுகளில் இருக்கிறது. அவற்றை எந்த அரத்தால், எவ்வளவு அராவ வேண்டும் என்பது தொழிலாளியின் விரலுக்குத் தெரியும். அது எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே பூட்டுடன் அரமும் பிடிப்பிடுக்கியும் அளவுத் தகடும் வைக்கப்பட வேண்டும். பூட்டொன்றைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பாக வைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வேலை தெரிந்த முதியவர் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பூட்டைச் செய்வதை அவர் விளக்கத்துடன் படமாகப் பிடித்து வைக்க வேண்டும். கூலி எவ்வளவு, பித்தளை எங்கிருந்து வந்தது, யார் வாங்கினார்கள், கடன் யார் கொடுத்தார்கள் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். தொழில் ஏன் வளர்ந்தது, ஏன் தளர்ந்தது என்பது அக்கணக்கில்தான் இருக்கிறது.

பூட்டைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் நினைவிற்கு வருகிறது. ஊர்ப் பொதுச்சொத்து வைத்திருக்கும் அறைகள் பலவற்றிற்குச் சாவி ஒன்றே. அதுவும் ஒருவரிடமே இருக்கும். அவர் கலியாணத்திற்கு வெளியூர் சென்ற அன்று தீப்பிடித்தால் என்ன கதி? இரண்டாம் சாவி எங்கே என்று தெரிந்த இருவராவது ஊரில் எப்பொழுதும் இருக்க வேண்டும். ஆபத்துக் காலத்திற்கான ஏற்பாடு என்று நிபுணர்கள் பெரிய நூல்கள் எழுதுகிறார்கள். அவற்றின் முதற்பக்கம் இதுவே.

அடுத்து, உழவர் பெருமக்களுக்கு நெருங்கிய பொருளாகிய கமலையை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதைக் கடந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சாலும், தோல் வாலும், வடமும், வால் கயிறும், உருளையும், இறங்கி ஏறும் மாடுகளும் உங்களில் சிலர் கண்ணால் கண்டவை. எண்ணெய் இயந்திரம் வந்தது. பின் மின்சார மோட்டார் வந்தது. பின் ஆழ்குழாய்க் கிணறு வந்தது. கமலை மறைந்ததைக் குறித்து நாம் கண்ணீர் வடிக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கமலை ஓட்டியவர்கள் மோட்டாரை வரவேற்றது முற்றிலும் நியாயமே. ஆனால் கமலையுடன் ஓர் அளவும் போயிற்று. இரண்டு மாடுகள் ஒரு நாளில் எவ்வளவு நீர் இறைக்குமோ அவ்வளவே கிணறு கொடுக்க வேண்டியிருந்தது. கிணற்றின் ஊற்றும் மாட்டின் வலிமையும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. மோட்டாருக்கு அந்த அறிவு கிடையாது.

ஆகவே, ஊர்க் காட்சிச்சாலையில் கமலை வைக்கப்படுமானால், அதனருகில் வைக்க வேண்டிய பொருள் மற்றொன்று உண்டு. அது கிணற்றுக் குறிப்பேடு. ஊரில் ஐந்து கிணறுகளைத் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் சித்திரையிலும் மார்கழியிலும் நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது, நீரின் சுவை எப்படி, எந்தப் பயிருக்குப் பாய்ந்தது என்று எழுதி வருதல் வேண்டும். முதியவர்களைக் கேட்டால், எந்த ஆண்டு எந்தக் கிணறு எத்தனை முழம் ஆழமாக்கப்பட்டது என்று சொல்வார்கள். அதையும், இன்னார் சொன்னார் என்ற குறிப்புடன், முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிணறுகள் பலவற்றின் நீர், தோல் பதனிடும் கழிவினால் உவர்ந்து கெட்டது எல்லோரும் அறிந்ததே. அது எந்த ஆண்டில், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு விரைவாக வந்தது என்று ஊர்தோறும் எழுதி வைக்கப்பட்டிருந்தால், இழப்பீடு கேட்டவர்களின் கையில் வலுவான ஆயுதம் இருந்திருக்கும். பழம்பொருளைக் காட்டி மகிழ்விப்பதைக் காட்டிலும் இத்தகைய ஏடு ஊருக்கு மிக்க பயனுடையது என்பது நம் துணிபு. இதனைக் காட்சிச்சாலைப் பொருளாகக் கருதக் கூடாது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு; அவர்களோடு நாம் உடன்படவில்லை.

வெள்ளத்திற்கும் இது பொருந்தும். 1977-ஆம் ஆண்டில் குடகனாற்று அணை உடைந்ததை வேடசந்தூர்ப் பகுதியில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணக்கிட்டதற்கு மேல் நீர் வந்து, கரையின் மீது வழிந்து, அணையை அறுத்துக்கொண்டு சென்றது. அன்று நீர் எந்த வீட்டின் எந்தப் படி வரை வந்தது என்பதை அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களை அழைத்துச் சென்று இடத்தைக் கேட்டறிந்து, ஒரு கல்லை நட்டு, ஆண்டைப் பொறித்து வைத்தல் ஊராட்சிக்கு அரிய செலவன்று. சப்பானில் அனெயோசி என்ற சிற்றூரார் 1933-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இக்கல்லிற்குக் கீழே வீடு கட்டாதீர் என்று எழுதிய கல்லொன்றை மேட்டில் நட்டனர். ஊரார் அதன்படியே மேட்டில் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டில் பேரலை மீண்டும் வந்தபோது நீர் அக்கல்லிற்குக் கீழேயே நின்றுவிட்டது, வீடுகள் தப்பின. கூரையும் காவலாளியும் இல்லாத காட்சிச்சாலை அது.

அழிந்ததைக் காட்டுவது மட்டுமின்றி, அழியாமற் காப்பதிலும் காட்சிச்சாலைக்குப் பங்குண்டு. சிறுமலை வாழையையும் விருப்பாட்சி வாழையையும் எண்ணிப் பாருங்கள். முடிக்கொத்து நோய் பரவி, மலைத் தோட்டங்கள் பாழாயின. ஒரு தலைமுறை அக்கனியின் சுவையை அறியாமலே வளர்ந்தது. பின்னர், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் குருத்துத் திசுவிலிருந்து நோயற்ற கன்றுகளை வளர்த்துக் கொடுத்தமையால் அவ்வாழை மலைக்குத் திரும்பலாயிற்று. ஒரு கிழங்குகூட எஞ்சாமற் போயிருந்தால் எந்த விஞ்ஞானத்தாலும் அதனை மீட்டிருக்க இயலாது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் அமைத்த இயற்கைக் காட்சிச்சாலையில் பழனிமலையின் செடி, பூச்சி, பறவைகளின் மாதிரிகள் உள்ளன. பிற்காலத்தில் மலையின் புல்வெளிகள் பல சீகை மரத்திற்கும் தைல மரத்திற்கும் பைன் மரத்திற்கும் இடங்கொடுத்துவிட்டன. முன்பு அங்கே என்ன இருந்தது என்று அறிய விரும்புவோர் அத்தகைய மாதிரிகளையே நாட வேண்டியவராகின்றனர்.

விதையைக் காப்பதற்கென்றே நார்வே நாட்டினர் வடதுருவத்திற்கு அருகில், ஸ்வால்பார்டு தீவில், உறைந்த மலையைக் குடைந்து ஒரு களஞ்சியத்தை 2008-ஆம் ஆண்டு திறந்தனர். உலக நாடுகளின் விதைகளுக்கு அங்கே மறுபடி வைக்கப்படுகிறது. சிரியா நாட்டுப் போரினால் அலெப்போ நகரத்து விதைப் பண்ணையைப் பயன்படுத்த இயலாமற் போனபோது, 2015-ஆம் ஆண்டில் அங்கிருந்து விதைகளைத் திரும்பப் பெற்றுப் பயிரிட்டுப் பெருக்கினர். ஆனால் எவ்வளவு எண்ணிச் செய்தவர்களுக்கும் எண்ணாதது வந்து சேர்கிறது. பனி உருகாது என்று நம்பிக் கட்டிய அக்களஞ்சியத்தின் நுழைவுக் குகையில் 2016-ஆம் ஆண்டு இறுதியில் மழையும் உருகிய பனியும் சேர்ந்து நீர் புகுந்தது. விதைகளுக்குத் தீங்கு நேரவில்லை. அவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை; குகையைத் திருத்திக் கட்டினர். ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டோம் என்று உறங்குவதற்கில்லை. ஆண்டிற்கொரு முறை திறந்து பார்க்க வேண்டும். குதிரில் கொட்டிய தானியத்தைத் திறந்தே பார்க்காத உழவன் உண்டா?

இனி, செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஊருக்கு ஊர் காட்சிச்சாலைக் கட்டடம் எழுப்புங்கள் என்று நாம் கூறமாட்டோம். கட்டடம் எழுப்பித் திறப்பு விழாவும் நடத்தி, மறு ஆண்டே உர மூட்டை அடுக்கும் இடமாக மாறிப்போவதைவிட, எழுப்பாமலே இருப்பது நன்று. முதலில் வேண்டுவது ஒரு பேரேடு. ஊரில் யார் வீட்டுப் பரணில், எந்தக் கோயிலில், எந்தக் களத்துமேட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பொருளின் பெயரை ஊரார் வழங்கும் சொல்லாலேயே எழுதுங்கள். புத்தகச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ஊர்ச்சொல் மறைந்தால் அதனை மீட்பது பொருளை மீட்பதினும் கடினம். யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எப்பொழுது கைவிடப்பட்டது, ஏன் என்பவற்றையும் எழுதுங்கள். பொருள் உரியவர் வீட்டிலேயே இருக்கலாம். விற்கும்போதோ எரிக்கும்போதோ ஊராட்சிக்கு ஒரு சொல் சொல்வதாக அவர் இசைந்தால் போதும்.

பள்ளிப் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தலாம். பாட்டிமாரிடம் கேள்வி கேட்பதில் பெரியவர்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். பெண்களின் பொருள்களை மறவாதீர்கள். ஏரும் கமலையும் எழுதப்படும் ஏட்டில் திருகையும் உரலும் குந்தாணியும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. அவ்வாறே, ஊரின் எல்லாத் தெருக்களும் ஏட்டில் வர வேண்டும். பறையும், தோல் தைக்கும் ஊசியும், சலவைத் தொழிலாளியின் வெள்ளாவிப் பானையும் இல்லாத ஏடு பாதி ஊரின் ஏடேயாகும்.

படங்களைக் கைப்பேசியில் எடுத்தல் இன்று எளிது. அதே கைப்பேசி கிணற்றில் விழுந்தால் அவ்வளவும் போவதும் எளிது. கணினியில் வைத்தவையும் கருவி மாறும்போது திறக்க இயலாமற் போகக்கூடும். ஆகவே முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களும் துண்டுத்தாள்களும் அவர் மறைந்த பின் சிதறாமல் 1994-ஆம் ஆண்டில் சென்னையில் நூலகமாயின. அங்கே அவற்றை நுண்படமாகவும் எடுத்து வைத்தனர். ஒரே பொருளை இரண்டு வடிவில், இரண்டு இடங்களில் வைப்பதே இதன் நுணுக்கம். உங்கள் பேரேட்டின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். மற்றொன்று மேட்டிலுள்ள வேறோர் ஊரில் இருக்கட்டும். மூன்றாவது ஒன்று இயலுமாயின் பழனி அரசு அருங்காட்சியகத்திற்குக் கொடுக்கலாம். காந்தியடிகள் பிறந்த நாளன்று கூடும் கிராம சபையில் ஆண்டுதோறும் அவ்வேட்டைத் திறந்து, புதிதாகச் சேர்ந்தது என்ன, காணாமற் போனது என்ன என்று படித்தால் கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது.

முடிவாக, சட்டம் தொடர்பான ஒன்று. கிணறு வெட்டும்போதும் மண் அள்ளும்போதும் வீட்டிற்கு வானம் தோண்டும்போதும் நம் பகுதியில் பானையும் காசும் சிலையும் வெளிப்படுவது உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வட்டாட்சியர் அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொன்னால் அவர்கள் வழிகாட்டுவர். அரசாங்கம் பொருளை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க அச்சட்டம் இடந்தருகிறது. மறைத்தவருக்கோ பங்கும் இல்லை, தண்டனையும் உண்டு. அதிகாரிகள் வரும் வரையில் பொருளைக் கழுவாதீர்கள், புளி போட்டுத் துலக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். கிடைத்த இடத்தில் ஒரு முளை அடித்து, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பானைக்குள் மண் இருந்தால் அதனையும் கொட்டாமல், வாயைத் துணியால் மூடி அப்படியே ஒப்படையுங்கள்.